ஃபெர்குசனின் 67 சதவீதம்: எதில் 67, எப்போது 67?

2014 ஆகஸ்ட் 9 அன்று மைக்கேல் பிரவுன் என்ற 18 வயது இளைஞரை ஒரு காவலர் சுட்டுக் கொன்றார். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டியுள்ள ஃபெர்குசன் என்ற புறநகரின் பெயர் அதற்குப் பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. பெயரோடு ஒரு எண்ணும் சேர்ந்தே பரவியது. ஊரில் 67 சதவீதம் பேர் கறுப்பினத்தவர். அந்த எண்ணைச் சொன்னவர்கள் அதே மூச்சில் இன்னொன்றையும் சொன்னார்கள்: மேயர் வெள்ளையர், நகர்மன்றத்தின் ஆறு உறுப்பினர்களில் ஒருவர்தான் கறுப்பினத்தவர், காவல்துறையில் கறுப்பினக் காவலர்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். மூன்றில் இரண்டு பங்கு இருப்பவர்கள் கையில் ஏன் எதுவுமே இல்லை?

கேள்வி நியாயமானது. ஆனால் பதில்கள் அவசரமாக வந்தன. ஒரு சாரார் இனவெறி என்று முடித்துக்கொண்டார்கள். இன்னொரு சாரார், ஓட்டுப் போடாதவர்கள் யாரைக் குறை சொல்ல முடியும் என்றார்கள். அந்த 67ஐப் பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. ஒரு புறநகரின் இன அமைப்பைச் சொல்லும் சதவீதம் எதுவும் தனியாக நிற்பதில்லை. யாரை எண்ணினார்கள், எந்த வயதிலிருந்து எண்ணினார்கள், எந்த நாளில் எண்ணினார்கள் என்பதைப் பொறுத்து ஒரே ஊருக்கு ஐந்தாறு சதவீதங்கள் கிடைக்கும். எல்லாமே சரியான எண்களாகவும் இருக்கும்.

அட்டவணையை வரிவரியாக

67 வந்தது 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து. அந்த ஆண்டு ஏப்ரல் 1 நிலவரப்படி ஊரின் மக்கள்தொகை 21,203. கறுப்பினத்தவர் 67.4 சதவீதம், வெள்ளையர் 29.3, ஆசியர் 0.5, பூர்வகுடியினர் 0.4, வேறு இனம் 0.4, இரண்டோ அதற்கு மேலோ இனங்களைக் குறித்தவர்கள் 2.0. கூட்டினால் சரியாக 100 வரும். அதற்குக் கீழே ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி நாடுகளின் வழிவந்தவர்கள்) 1.2 என்று ஒரு வரி இருக்கும். அதையும் சேர்த்துக் கூட்டியவர்கள் 101.2 என்று பார்த்துக் குழம்புவார்கள்.

இது அச்சுப் பிழை அல்ல. அமெரிக்கக் கணக்கெடுப்புப் படிவம் இரண்டு தனிக் கேள்விகளைக் கேட்டது. முதல் கேள்வி, நீங்கள் ஹிஸ்பானிக் வழிவந்தவரா? இரண்டாவது, உங்கள் இனம் என்ன? ஒருவர் ஹிஸ்பானிக் ஆகவும் வெள்ளையராகவும் இருக்கலாம், ஹிஸ்பானிக் ஆகவும் கறுப்பினத்தவராகவும் இருக்கலாம். ஆகவே ஹிஸ்பானிக் வரியில் இருக்கும் ஒவ்வொருவரும் மேலே ஏதோ ஓர் இன வரியில் ஏற்கெனவே எண்ணப்பட்டவர்தான். வட்டப்படம் வரைகிறவர்கள் ஒன்று, இன வரிகளை மட்டும் எடுக்க வேண்டும். அல்லது ஹிஸ்பானிக் மக்களைத் தனியாகப் பிரித்து, மற்ற எல்லா வரிகளுக்கும் 'ஹிஸ்பானிக் அல்லாத' என்று குறிக்கப்பட்ட எண்களை எடுக்க வேண்டும். இரண்டையும் கலக்கக் கூடாது. ஃபெர்குசனில் ஹிஸ்பானிக் மக்கள் மிகக் குறைவு என்பதால் தவறு 1.2 புள்ளியோடு நிற்கிறது. டெக்சஸ், கலிஃபோர்னியா புறநகர்களில் இதே தவறு படத்தையே தலைகீழாக்கிவிடும்.

அடுத்தது அந்த 2.0 வரி. 67.4 என்பது 'கறுப்பினம் மட்டும்' என்று குறித்தவர்கள். கறுப்பினத்தோடு இன்னோர் இனத்தையும் சேர்த்துக் குறித்தவர்கள் 2.0க்குள் இருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்தால் எண் கொஞ்சம் ஏறும், ஆனால் 69.4ஐத் தாண்டாது. ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்கும் வசதி 2000இல்தான் வந்தது. 1990 படிவத்தில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். எனவே 1990ஐயும் 2000ஐயும் ஒப்பிடும்போது சிறிய வித்தியாசங்களுக்கு அர்த்தம் கற்பிக்க வேண்டாம். ஃபெர்குசனில் நடந்த மாற்றம் மிகப் பெரியது என்பதால் அங்கே இது படத்தைக் கெடுக்கவில்லை.

2020 கணக்கெடுப்பு வேறொரு பொறி. வெள்ளையர், கறுப்பினத்தவர் என்ற பெட்டிகளுக்குக் கீழேயும் பூர்வீகத்தை எழுத இடம் தரப்பட்டது. எழுதியதைப் பதிவு செய்து வகைப்படுத்தும் முறையும் மாறியது. விளைவு, நாடு முழுக்கப் பல இனத்தவர் என்ற வகை 2.9 சதவீதத்திலிருந்து 10.2 சதவீதத்துக்குத் தாவியது. பத்தாண்டில் அத்தனை கலப்பு நடந்துவிடவில்லை. பெரும்பங்கு படிவமும் பதிவுமுறையும் செய்த வேலை. தனிநபர் விவரம் வெளியே தெரியாமல் இருக்க, 2020 எண்களில் வேண்டுமென்றே சிறு சிறு மாற்றங்களும் கலக்கப்பட்டன. மாநில மொத்தத்தில் கை வைக்கவில்லை. ஆனால் ஒரு தெருத்தொகுதி அளவுக்கு இறங்கினால் அந்த எண்ணை நம்பி எதுவும் பேச முடியாது. 2024 மார்ச்சில் விதி மறுபடி மாறியது. இனக் கேள்வியும் ஹிஸ்பானிக் கேள்வியும் ஒரே கேள்வியாகச் சேர்கின்றன, மத்திய கிழக்கு மற்றும் வட ஆப்பிரிக்கா என்று புதிய வகையும் வருகிறது. இனி வரும் எண்களைப் பழையவற்றோடு ஒட்டிப் பார்ப்பவர்களுக்கு இன்னும் ஒரு தலைவலி.

கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை. இடைப்பட்ட ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் சுமார் 35 லட்சம் முகவரிகளுக்கு அனுப்பப்படும் மாதிரி ஆய்வைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். 65,000 பேருக்குக் குறைவான ஊர்களுக்கு அதில் ஓராண்டு எண்கள் முழுமையாக வெளியாவதில்லை, பெரும்பாலும் ஐந்தாண்டுச் சராசரியைத்தான் எடுக்க வேண்டும். '2014இல் இத்தனை சதவீதம்' என்று எழுதப்படுவது உண்மையில் 2010 முதல் 2014 வரையான கலவை. ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் பிழை எல்லை (எண் எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற அளவு) தரப்பட்டிருக்கும். அதை விட்டுவிட்டுத்தான் பெரும்பாலோர் எடுத்து ஒட்டுகிறார்கள். ஓர் உதாரணம்: ஒரு காலத்துக்கு 68, பிழை எல்லை 4. இன்னொரு காலத்துக்கு 72, பிழை எல்லை 5. உயர்வு 4 புள்ளி. இரண்டு பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி (16, 25) வர்க்கமூலம் எடுத்தால் 6.4. உயர்வு அதைவிடச் சிறியது, ஆகவே உயர்ந்தது என்று சொல்ல முடியாது. 2010–14 காலத்தையும் 2012–16 காலத்தையும் ஒப்பிடுவது அதைவிட மோசம். நடுவில் மூன்று ஆண்டுகளின் மாதிரிகள் இரண்டிலும் பொது.

எல்லை விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். 63135 என்ற அஞ்சல் எண்ணை வைத்து ஃபெர்குசன் என்று தேடுகிறவர்களுக்கு ஊர் முழுமையாகக் கிடைக்காது. அஞ்சல் எண் கடிதம் கொடுக்கும் வழியைப் பொறுத்தது, நகராட்சி எல்லையைப் பொறுத்ததல்ல. பிரவுன் இறந்த கேன்ஃபீல்ட் குடியிருப்புப் பகுதி ஃபெர்குசனுக்குள் இருக்கிறது, அஞ்சல் எண்ணோ 63136.

சதவீதம் ஏறியது, தலைகள் எப்படி மாறின?

1970இல் ஊரில் கறுப்பினத்தவர் சுமார் 1 சதவீதம். 1980இல் 14. 1990இல் 25. 2000இல் 52. 2010இல் 67. இந்த வரிசையைப் பார்த்ததும், கறுப்பினத்தவர் வந்து குவிந்தார்கள் என்ற எண்ணம்தான் எழும். தலைக்கணக்கு வேறு கதை சொல்கிறது.

1990இல் மொத்த மக்கள் 22,286, 2000இல் 22,406. ஊர் வளரவில்லை. அந்தப் பத்தாண்டில் வெள்ளையர் சுமார் 6,400 பேர் குறைந்தார்கள், கறுப்பினத்தவர் சுமார் 6,150 பேர் கூடினார்கள். ஏறக்குறைய ஒருவர் காலி செய்ய ஒருவர் குடிவந்த கணக்கு. அடுத்த பத்தாண்டில் அந்தச் சமன் குலைந்தது. வெள்ளையர் சுமார் 3,800 பேர் குறைந்தார்கள், கறுப்பினத்தவர் 2,550 பேர்தான் கூடினார்கள். ஊர் 1,200 பேர் சுருங்கியது.

ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். 2000க்குப் பிறகு ஒரு கறுப்பினத்தவர்கூடக் கூடவில்லை, 11,740 பேர் அப்படியே இருந்தார்கள், வெள்ளையர் மட்டும் 6,200 ஆகக் குறைந்தார்கள், மற்றவர்கள் 700 பேர் என்று வைத்துக்கொள்வோம். கறுப்பினத்தவர் பங்கு 63 சதவீதம் வரும். அதாவது 52இலிருந்து 67க்கு ஏறிய 15 புள்ளிகளில் சுமார் 10 புள்ளி, யாருமே புதிதாக வராமலும் ஏறியிருக்கும். மாற்றிப் போடுங்கள்: வெள்ளையர் யாரும் குறையவில்லை, கறுப்பினத்தவர் மட்டும் கூடினார்கள். அப்போது 57தான் வரும். இந்தப் பத்தாண்டின் சதவீதத்தை உயர்த்தியதில் குறைந்தவர்களுக்குத்தான் பெரிய பங்கு. குறைந்தவர்கள் எல்லோரும் வீட்டை விற்றுவிட்டு ஓடியவர்கள் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வெள்ளையரில் முதியவர் அதிகம். இறந்தவர்களும் அந்த 3,800க்குள் இருக்கிறார்கள். கணக்கெடுப்பு இரண்டையும் பிரித்துச் சொல்லாது.

சங்கிலி கட்டிய சாலை

1970இல் அந்த 1 சதவீதம் எப்படி வந்தது என்பதைக் கேட்காமல் மீதியைப் புரிந்துகொள்ள முடியாது. யாரும் தானாக ஒதுங்கி வாழ்ந்ததால் வந்த எண் அல்ல அது.

செயின்ட் லூயிஸ் நகரம் 1916இல் வாக்கெடுப்பு வைத்தே இனப் பிரிப்புச் சட்டம் நிறைவேற்றியது. ஒரு தெருத்தொகுதியில் 75 சதவீதம் ஓர் இனத்தவர் என்றால் வேற்று இனத்தவர் அங்கே குடிவரக் கூடாது. மறு ஆண்டே, லூயிவில் நகரத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இத்தகைய சட்டங்களைச் செல்லாதவை ஆக்கியது. வேலையைத் தனியார் பத்திரங்கள் எடுத்துக்கொண்டன. வீட்டுப் பத்திரத்திலேயே, கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்று அக்கம்பக்கத்தார் கையெழுத்திட்டார்கள். செயின்ட் லூயிஸின் லபாடி அவென்யூவில் 4600 எண்ணுள்ள வீட்டை ஷெல்லி குடும்பம் வாங்கியது 1945இல். அந்த வீட்டின் மேல் இருந்த ஒப்பந்தம் 1911இல் எழுதப்பட்டது. அதை எதிர்த்து எழுந்த வழக்கில் 1948இல் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட பத்திரங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்றது. எழுதுவதை அது தடுக்கவில்லை. 1934இல் தொடங்கிய கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகமோ, வெள்ளையருக்கு மட்டுமான புறநகர் மனைகளுக்குக் கடன் காப்பீடு தந்து அவற்றை வளர்த்தது.

ஃபெர்குசன் 1894இல் நகராட்சியானது. இருட்டிய பிறகு கறுப்பினத்தவர் ஊருக்குள் இருக்கக் கூடாது என்ற எழுதாத சட்டம் நடப்பில் இருந்தது. பக்கத்தில் கின்லாக், முழுக்கக் கறுப்பினத்தவர் ஊர். இரண்டு ஊரையும் இணைக்கும் பிரதான சாலையில் ஃபெர்குசன் எல்லையில் சங்கிலி கட்டி, கட்டுமானப் பொருட்களைப் போட்டு மறித்திருந்தார்கள். இன்னொரு சாலை பகலில் திறந்திருக்கும். கின்லாக் பெண்கள் ஃபெர்குசன் வீடுகளுக்கு வேலைக்கு வர வேண்டுமே! வேலைக்கு வழி உண்டு, குடியிருக்க வழி இல்லை. 1960களில்தான் இது முடிவுக்கு வந்தது.

பள்ளிக்கூடமும் இதே கதைதான். கின்லாக் பள்ளி மாவட்டத்திலிருந்து வெள்ளையர் பகுதியைப் பிரித்தெடுக்கவே 1937இல் பெர்க்லி என்ற தனி ஊர் உருவானது. 1975இல் நீதிமன்றம் தலையிட்டு கின்லாக், பெர்க்லி, ஃபெர்குசன்-ஃப்ளோரிசன்ட் ஆகிய மூன்று மாவட்டங்களையும் ஒன்றாக்கியது. 1970இல் பிளாக் ஜாக் என்ற இன்னோர் ஊர் தன்னை நகராட்சியாக அறிவித்துக்கொண்டது. அங்கே வரவிருந்த, எல்லா இனத்தவருக்குமான அடுக்குமாடிக் குடியிருப்பைத் தடுக்கும் மனை விதி போடுவதற்காகத்தான். 1974இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. அதே பிளாக் ஜாக்கில் இன்று கறுப்பினத்தவரே பெரும்பான்மை.

ஊரை ஏன் இப்படித் துண்டு துண்டாக வெட்ட முடிந்தது? 1876இல் செயின்ட் லூயிஸ் நகரம் தன் கவுன்ட்டியிலிருந்து (நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) பிரிந்து எல்லையை நிரந்தரமாக்கிக்கொண்டது. அதன் பிறகு நகரத்தால் புறநகர்களை இணைத்துக்கொள்ள முடியவில்லை. கவுன்ட்டியில் ஏறக்குறைய 90 குட்டி நகராட்சிகள் முளைத்தன. ஒவ்வொன்றுக்கும் தனி மன்றம், தனி மனை விதி, பலவற்றுக்குத் தனிக் காவல்துறை, தனி நீதிமன்றம். நகரத்தின் மக்கள்தொகை 1950இல் 8,56,796, 2010இல் 3,19,294. போனவர்கள் எங்கே போனார்கள் என்றால், முதலில் இந்தக் குட்டி நகராட்சிகளுக்குத்தான்.

கதவு திறந்தது 1968இல். ஏப்ரலில், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் நியாய வீட்டுவசதிச் சட்டம். ஜூனில் இன்னொரு தீர்ப்பு, அதுவும் இதே வட செயின்ட் லூயிஸ் கவுன்ட்டியில் பேடாக் வுட்ஸ் மனைப் பகுதியில் வீடு மறுக்கப்பட்ட ஜோன்ஸ் என்பவரின் வழக்கில்: தனியாரும் இனம் பார்த்து வீடு மறுக்கக் கூடாது. அடுத்து விமான நிலையம். 1980களிலிருந்து விமான இரைச்சலைக் காரணம் காட்டி செயின்ட் லூயிஸ் விமான நிலையம் கின்லாக் வீடுகளை விலைக்கு வாங்கித் தரைமட்டமாக்கியது. ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த ஊரில் 2000இல் 449 பேர், 2010இல் 298 பேர். வெளியேறியவர்களில் பலர் வந்து சேர்ந்த இடங்களில் ஃபெர்குசனும் ஒன்று. ஒருகாலத்தில் எந்தச் சாலையில் சங்கிலி கட்டியிருந்ததோ, அதற்கு அந்தப் பக்கம் அவர்கள் குடியேறினார்கள்.

ஊருக்குள்ளும் கலப்பு ஒரே சீராக இல்லை. தென்கிழக்கு மூலையில் கேன்ஃபீல்ட் போன்ற வாடகை அடுக்குமாடிகள், பழைய ரயில் நிலையத்தைச் சுற்றிய பகுதியில் சொந்த வீடுகள். 67 என்பது சராசரி மட்டுமே. 2000க்கும் 2010–12க்கும் இடையே வறுமையில் இருப்போர் தொகை இரட்டிப்பாகி, நாலில் ஒருவர் என்ற நிலைக்கு வந்தது. வீட்டு விலை விழுந்தால் சொத்துவரி விழும். நகராட்சி வேறு வழி பார்த்தது. 2010 நிதியாண்டில் பொது வருவாய் 110.7 லட்சம் டாலரில் அபராதமும் கட்டணமும் 13.8 லட்சம். 2015 நிதியாண்டுக்குப் போட்ட பட்ஜெட்டில் 132.6 லட்சத்தில் 30.9 லட்சம். எட்டில் ஒரு பங்கு நாலில் ஒரு பங்கை நெருங்கியது. அந்தப் பணத்தை வசூலிக்கச் சாலையில் நின்றது காவல்துறை.

63, 86, மற்றும் கீழெண் தேவைப்படாத ஓர் அளவு

மிசூரியில் 2000 முதல் ஒவ்வொரு காவல்துறையும், சாலையில் காவலர்கள் வாகனங்களை மறித்து நிறுத்திய நிகழ்வுகளை இனவாரியாகத் தெரிவிக்க வேண்டும். ஃபெர்குசனின் 2013 அறிக்கை: மொத்தம் 5,384 நிறுத்தங்கள், கறுப்பின ஓட்டுநர்கள் 4,632, வெள்ளையர் 686. கறுப்பினத்தவர் பங்கு 86 சதவீதம். இதை 67ஆல் வகுக்கத் தோன்றும். அறிக்கை வகுப்பது 63ஆல். காரணம் எளிது. குழந்தைகள் கார் ஓட்டுவதில்லை. 16 வயதுக்கு மேற்பட்டோரை மட்டும் எடுத்தால் கறுப்பினத்தவர் பங்கு 63க்கு இறங்குகிறது. கறுப்பினக் குடும்பங்களில் குழந்தைகள் அதிகம், வெள்ளையரில் முதியவர் அதிகம் என்பதன் விளைவு இது. 86ஐ 63ஆல் வகுத்தால் 1.37 (மக்கள்தொகைப் பங்குக்கு ஏற்ப நிறுத்தினால் 1 வரும்). வெள்ளையருக்கு 0.38.

இந்த அளவிலும் ஓட்டை உண்டு, காவல்துறைகள் அதைத்தான் முதலில் சுட்டிக்காட்டும். வெஸ்ட் ஃப்ளோரிசன்ட் அவென்யூவில் போகிறவர்கள் எல்லோரும் ஊர்க்காரர்கள் அல்ல. ஓட்டுகிறவர்கள் யார் என்பது குடியிருப்போர் கணக்கில் இல்லை. சரி, குடியிருப்போர் எண்ணே தேவைப்படாத ஓர் அளவை எடுக்கலாம். நிறுத்திய கறுப்பின ஓட்டுநர்களில் 562 பேரைச் சோதனையிட்டார்கள், 12.1 சதவீதம். வெள்ளையரில் 47 பேர், 6.9 சதவீதம். சோதித்ததில் தடைசெய்யப்பட்ட பொருள் கிடைத்தது கறுப்பினத்தவரிடம் 21.7 சதவீதம், வெள்ளையரிடம் 34 சதவீதம். ஏறக்குறைய இருமடங்கு சோதனை, குறைவான பலன். ஊரில் எத்தனை பேர் எந்த இனம் என்ற விவாதம் எப்படி முடிந்தாலும் இந்த எண் மாறாது. என் பார்வையில் ஃபெர்குசன் பற்றிய எண்களிலேயே கனமானது இதுதான். 47 சிறிய எண் என்பதால் 34ஐ அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது என்பது உண்மை. ஆனால் 2015 மார்ச்சில் வந்த அமெரிக்க நீதி அமைச்சகத்தின் அறிக்கை இரண்டு ஆண்டுத் தரவைச் சேர்த்துப் பார்த்தபோதும் அதே போக்குதான் கிடைத்தது. நிறுத்தங்களில் 85, அபராதச் சீட்டுகளில் 90, கைதுகளில் 93 சதவீதம் கறுப்பினத்தவர். பொருள் கிடைக்கும் வாய்ப்போ வெள்ளையரைவிட 26 சதவீதம் குறைவு.

அப்போது காவல்துறையில் சுமார் 54 பேர், கறுப்பினத்தவர் நால்வர், அதாவது 7 சதவீதம். 1990இல் வேலைக்குச் சேர்ந்த காவலர் 2014இல் ஓய்வை நெருங்கிக்கொண்டிருப்பார். அவர் சேர்ந்த ஊரில் கறுப்பினத்தவர் 25 சதவீதம். ஊர் இருபதாண்டில் மாறியது, பணியாளர் பட்டியல் அந்த வேகத்தில் மாறாது. இது விளக்கம், சமாதானம் அல்ல. 25 சதவீதம் இருந்த காலத்துக்குக்கூட 7 பொருந்தாது.

ஏப்ரலில் 47, நவம்பரில் 71

ஃபெர்குசன் நகர்மன்றத்துக்கு மூன்று வார்டுகள், வார்டுக்கு இரண்டு உறுப்பினர்கள். தேர்தல் ஏப்ரலில், கட்சிச் சின்னம் இல்லாமல். அதிபர் தேர்தலோ நவம்பரில். 2013 ஏப்ரலில் வாக்களித்தவர்கள் தகுதியுள்ளோரில் 11.7 சதவீதம். இனவாரியாக மதிப்பிட்டதில் வெள்ளையரில் 17 சதவீதம், கறுப்பினத்தவரில் 6 சதவீதம். வாக்களித்தவர்களில் வெள்ளையர் 52, கறுப்பினத்தவர் 47. ஐந்து மாதத்துக்கு முன், 2012 நவம்பரில் இரு இனத்தவரும் ஏறக்குறைய சமமாக, 54, 55 சதவீதம் வாக்களித்தார்கள். அன்றைய வாக்காளர்களில் கறுப்பினத்தவர் 71.

ஓட்டுப் போடும் பழக்கம் இல்லாத மக்கள் என்ற பேச்சுக்கு நவம்பர் எண்ணே பதில். பழக்கம் இருக்கிறது, ஏப்ரலில் இல்லை. வாடகைக்கு இருப்பவர் வீடு மாறினால் பதிவையும் மாற்ற வேண்டும். புதிதாகப் பதிவதற்குக் கடைசி நாள் தேர்தலுக்கு முந்தைய நான்காவது புதன்கிழமை. போட்டியே இல்லாத தேர்தலுக்காக அதை நினைவில் வைத்து ஓடுகிறவர் யார்? 2014 ஏப்ரலில் மேயர் ஜேம்ஸ் நோல்ஸ் எதிர்ப்பில்லாமல் மறுபடி தேர்வானார்.

இந்த 71ஐ முன்னே சொன்ன 63ஓடு ஒட்டவைக்கப் பார்த்தால் ஒட்டாது. காரணம், மிசூரியின் வாக்காளர் பதிவில் இனம் கேட்பதில்லை. பெயர், வசிக்கும் தெரு ஆகியவற்றை வைத்துக் கணினி மாதிரிகள் ஒவ்வொருவரின் இனத்தையும் ஊகிக்கின்றன. 63 என்பது 2010இல் எண்ணியது, 71 என்பது 2012 பட்டியலில் கணித்தது. இரண்டையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் போடுவதுதான் தவறு. தனித்தனியாக, ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் உள்ள இடைவெளியைக் காட்ட அந்தக் கணிப்பு போதும்.

2015 ஏப்ரலில் வாக்குப்பதிவு ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு உயர்ந்தது. எல்லா (Ella) ஜோன்ஸ், வெஸ்லி பெல் என்ற இரண்டு கறுப்பின வேட்பாளர்கள் வென்றார்கள், மன்றத்தில் கறுப்பினத்தவர் ஆறில் மூன்று ஆனார்கள். 2020 ஜூனில் ஜோன்ஸ் ஊரின் முதல் கறுப்பின மேயர் ஆனார். இடையில் மக்கள்தொகைச் சதவீதம் பெரிதாக மாறிவிடவில்லை.

குடியேறியவர்கள் மிகுந்த புறநகர்களில் இன்னோர் அடுக்கு சேரும். நியூ ஜெர்சியின் எடிசனில் 2010இல் 99,967 பேரில் 43.2 சதவீதம் ஆசியர், இந்தியர் மட்டும் 28.3. அவர்களில் கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்களும் கிரீன் கார்டோடு இருப்பவர்களும் அட்டவணையில் உண்டு, வாக்குச்சாவடியில் இல்லை. அங்கே கணக்கு போடுகிறவர்கள் குடியுரிமை பெற்ற, வயது வந்தோர் அட்டவணையைத் தனியாகத் தேடி எடுக்க வேண்டும். ஃபெர்குசனில் இந்தச் சிக்கல் அநேகமாக இல்லை.

பாதிக்கு மேலா, கீழா?

சதவீதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஃபெர்குசன்-ஃப்ளோரிசன்ட் பள்ளி மாவட்ட வழக்கு நல்ல சான்று. மாவட்டம் 11 நகராட்சிகளை முழுமையாகவோ பகுதியாகவோ உள்ளடக்கியது. மாணவர்களில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பினத்தவர். பள்ளி வாரியத்தில் ஏழு இடங்கள், வார்டு கிடையாது, மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதி. 2014 டிசம்பரில் வழக்குத் தொடுத்தவர்கள், இந்த முறை கறுப்பின வாக்கை நீர்த்துப்போகச் செய்கிறது என்றார்கள். மாவட்டத்தின் பதில்: கறுப்பினத்தவர் இங்கே சிறுபான்மையே அல்ல, வந்து ஓட்டுப் போட்டால் வெல்லலாம்.

வழக்கின் பெரும்பகுதி எந்த அட்டவணையை எடுப்பது என்பதில் நடந்தது. 2010 கணக்கெடுப்பின்படி, 18 வயதுக்கு மேற்பட்டோரில் வெள்ளையர் பாதியை மயிரிழையில் தாண்டியிருந்தார்கள், கறுப்பினத்தவர் ஏறக்குறைய 47 சதவீதம். பிந்தைய மாதிரி ஆய்வுகளைக் காட்டி, நிலவரம் மாறிவிட்டது என்று மாவட்டம் வாதிட்டது. பிழை எல்லையே சில புள்ளிகள் இருக்கும் ஓர் ஆய்வை வைத்து 50ஐத் தாண்டியதா என்று எப்படிச் சொல்வது? 2016 ஆகஸ்டில் நீதிபதி ராட்னி சிப்பெல் 2010 கணக்கையே ஆதாரமாகக் கொண்டு மாவட்டத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அவர் உத்தரவிட்டது வார்டுகளை அல்ல, திரட்டு வாக்கு முறையை. வாரியத்துக்கு ஆண்டுதோறும் இரண்டு அல்லது மூன்று இடங்களுக்குத் தேர்தல் வரும். மூன்று இடம் என்றால் ஒவ்வொருவருக்கும் மூன்று ஓட்டு, மூன்றையும் ஒரே வேட்பாளருக்குக் குத்தலாம். அப்படிச் செய்தால் வாக்களிப்பவர்களில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஒன்றுசேர்ந்தாலே ஓர் இடம் உறுதி. இரண்டு இடம் என்றால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 47ஆ, 51ஆ என்று ஆண்டுக்கணக்கில் நடந்த வாதத்தின் முடிவில் வந்த முறைக்கு, 47 என்றாலும் ஒன்றுதான், 51 என்றாலும் ஒன்றுதான்.